கால்நடை மருத்துவம் முடித்துவிட்டு, வேலைக்குப் போகாமல் மரபியல், வைரஸ் என்று ஆராய்ச்சிக்குப் போவது முட்டாள்தனமா?

'வேலைக்குப் போகாமல்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்துவிட்டுத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். என் தாய்மாமா 19 ஆண்டுகளாக இதே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீங்கள் இறுதியாண்டில் இருப்பீர்கள். கால்நடை உதவி மருத்துவர் தேர்வை எழுதச் சொல்லி வீட்டில் நச்சரிப்பார்கள். உங்களுக்கோ ஆய்வகத்தின் மேல் ஒரு கண். சரிதானே?

நான் மாட்டிக்கொண்டது ஆட்டுக்கொல்லி நோயிடம். தட்டம்மை வைரஸுக்கும், ஒரு காலத்தில் மாடுகளை வாரிக்கொண்டு போன வெக்கை நோய் வைரஸுக்கும் இது பங்காளி. மூக்கு ஒழுகும், கண்ணில் பீளை கட்டும், வாய் புண்ணாகும், கழிச்சல் கண்டு ஆடு சாயும். இந்தியாவில் முதலில் பிடிபட்டது 1987இல், விழுப்புரம் பக்கத்து அரசூர்ச் செம்மறிகளில். அதுவரை ஆடு இப்படிச் செத்தால் வெக்கை என்று எழுதி முடித்துவிடுவார்கள். இது வேறு வைரஸ் என்று காட்டியது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் எம்.எஸ். சைலா குழு.

தடுப்பூசி இருக்கிறது. உத்தராகண்டின் முக்தேஸ்வர் ஆய்வகத்தில் 'சுங்ரி 96' என்ற வைரஸ் வகையிலிருந்து செய்தது ஒன்று, அரசூர் வைரஸிலிருந்து செய்தது ஒன்று. ஒருமுறை போட்டால் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் தாங்கும். 'பிறகு மரபணுவில் என்னத்தைத் தேடுகிறாய்?' என்று கேட்காத ஆள் இல்லை. தேடுவது இதைத்தான்: ஒரே நோய், சில இன ஆடுகளை மட்டும் ஏன் அவ்வளவாகச் சாய்ப்பதில்லை? 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வில் (என்னுடையதல்ல) நான்கு இன வெள்ளாடுகளின் ரத்த வெள்ளணுக்களில் இந்த வைரஸை விட்டுப் பார்த்தார்கள். வைரஸ் நுழைந்ததை மோப்பம் பிடிக்கும் இரண்டு ஏற்பிகள் (அணுவில் இருக்கும் புரதங்கள்) பார்பாரி, தலைச்சேரி ஆடுகளில் குறைவாக இருந்தன. வைரஸ் நன்றாகப் பெருகியது. கன்னி, சேலம் கருப்பு என்ற மற்ற இரண்டு இனங்களிலும் நேர்மாறு. உடனே 'கன்னி ஆட்டுக்கு ஊசி வேண்டாம் என்கிறான்' என்று யாரும் கிளம்ப வேண்டாம். அது குழாய்க்குள் பார்த்தது. எல்லா ஆட்டுக்கும் ஊசி போடுங்கள்.

கன்னி ஆட்டு ரத்தத்துக்காகக் கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். எடுத்த ரத்தத்தில் அன்றைக்கே அணுக்களைப் பிரித்தாக வேண்டும்; ஆய்வகமோ நான்கு மணி நேரப் பயணம். ஆட்டுக்காரப் பாட்டி அசையவில்லை. "டாக்டர் என்கிறாய், முதலில் இந்த நொண்டி ஆட்டைப் பார்." நான் வைத்தியம் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. குளம்பைத் தூக்கினால் நடுப்பிளவில் சீமைக்கருவேல முள், வெளியே நுனிகூடத் தெரியாமல் சீழ் கட்டியிருந்தது. அதை எடுத்துக் கழுவி மருந்து வைக்க முக்கால் மணி நேரம். அதற்குப் பிறகுதான் பாட்டியே ஒவ்வோர் ஆடாகக் காதைப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தினார். கறுப்பு உடம்பு, முகத்தில் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு. பன்னிரண்டு ஆடுகள். "இதுகளுக்குச் சீக்கு வந்தாலும் எழுந்துவிடும் தம்பி, நீ குழாயில் பிடித்து என்ன பார்க்கப் போகிறாய்?" என்றார். அன்று இரவு பதினொரு மணிக்குக் குழாயைச் சுழற்றி எடுத்தபோது, சிவப்புக்கு மேலே நகக்கீறல் அளவுக்கு வெள்ளணுப் படலம் ஒன்று நின்றது. அதைப் பார்த்த சந்தோஷத்தை மாமாவுக்கு இன்றுவரை விளக்க முடியவில்லை.

சம்பந்தமில்லாத ஒன்றையும் கொட்டிவிடுகிறேன். நான் இருந்த ஓர் இடத்தில் திட்டப் பணத்தில் ஆறு ஆடுகள் வாங்கினோம். ஒன்று குட்டி போட்டது. பதிவேட்டில் ஆறு, பட்டியில் ஏழு. கூடுதல் இருப்பு எப்படி வந்தது என்று எழுத்துப்பூர்வ விளக்கம் கேட்டார்கள். 'பெட்டை ஆடு ஈன்றது' என்று எழுதினேன். ஆதாரம் இணைக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். மூன்று மாதம் போனது. உங்கள் ஆராய்ச்சி வாழ்க்கையில் இதற்கும் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

மருத்துவமனை வேலையை நான் மட்டமாகச் சொல்லவில்லை. அந்த முள்ளை எடுக்கத் தெரிந்திராவிட்டால் ஒரு சொட்டு ரத்தம் கிடைத்திருக்காது. ஒரு வருடமாவது ஊர் ஆடு மாடுகளைப் பார்த்துவிட்டு ஆய்வகத்துக்குப் போங்கள். ஒப்பந்தப் பதவியில் ஆண்டுதோறும் நீட்டிப்புக்குக் காத்திருக்கும் மனசு இருந்தால் மட்டும் போங்கள்.

இரண்டு வருடம் கழித்து அதே பாட்டியிடம் போனேன். பட்டியில் பெரிய தலைச்சேரிக் கிடா ஒன்று நின்றது. குட்டிகளில் பாதிக்கு முகத்தில் கோடு இல்லை, காது நீளமாகத் தொங்கியது. "எட்டயபுரம் சந்தையில் இதற்குத்தான் எடை நிற்கிறது" என்றார். எதிர்த்துப் பேச என்னிடம் என்ன இருந்தது? குழாய்களை எடுத்து வைத்துவிட்டு, அந்தக் குட்டிகளிடமும் ரத்தம் எடுக்கலாமா என்று கேட்டேன். நொண்டுகிற ஆடு எதுவும் இருக்கிறதா என்று அவர் திரும்பிப் பார்த்தார்.