"பெருவெடிப்புக்கு முன்னால் என்ன இருந்தது?" – பட்டிமன்றத்தில் எதிரணி மடக்கினால்

"பிரபஞ்சம் தோன்றியது இயற்கையாலா, இறைவனாலா?" என்ற மதுரைப் பட்டிமன்றத்தில் இயற்கை அணிக்காகப் பேசும்போது இந்தக் கேள்வி வந்தால், "தெரியாது" என்றே சொல்லிவிடுங்கள். இயற்கை அணிக்கு அது தோல்வி அல்ல. பெருவெடிப்புக் கொள்கை சொல்வது, சுமார் 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் மிகச் சூடாகவும் அடர்த்தியாகவும் இருந்த பிரபஞ்சம் எப்படி விரிந்தது என்பதை மட்டும்தான்.

உங்கள் உரையில் "பிரபஞ்சம் ஒன்றுமில்லாததிலிருந்து தானாக வந்தது" என்ற வரி இருந்தால், அந்த இடத்தில்தான் பெரும்பாலும் சிக்கியிருப்பீர்கள். இயற்பியலில் துகள்கள் இல்லாத நிலையைக் குறிக்கும் 'குவாண்டம் வெற்றிடம்' சூனியம் அல்ல. அதற்கும் ஆற்றல் உண்டு, விதிகள் உண்டு. அந்த வரியை அடித்துவிட்டு, 1965-இல் வானியலாளர்கள் பென்சியாஸும் வில்சனும் அறிவித்த பின்னணிக் கதிர்வீச்சை, அதாவது அந்தச் சூடான தொடக்க காலத்தின் எச்சமாக விண்வெளி எங்கும் பரவியிருக்கும் கதிர்வீச்சை, ஆதாரமாக வையுங்கள். இன்று அதன் வெப்பநிலை சுமார் 2.7 கெல்வின்.

மதுரை மேடை என்பதால் இன்னொன்று. எதிரணி சைவ சித்தாந்தத்தை எடுத்தால் உங்கள் தயாரிப்பில் பாதி வீண். அங்கே இறைவன் சூனியத்திலிருந்து படைப்பதில்லை. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றும் அனாதி, அதாவது தொடக்கமற்றவை. படைப்பைப் பானை செய்வதற்கு ஒப்பிடுவார்கள்: உலகின் மூலப்பொருளான மாயை மண், சக்தி சக்கரம், சிவன் குயவன். (மானாமதுரைப் பானை கட்டாயம் வரும்!) அதிலும் 'முதற்காரணம்' என்றால் குயவன் இல்லை, மண். குயவன் நிமித்த காரணம், அதாவது செய்பவன். இந்தச் சொல்லை நீங்கள் ஒரு பொருளிலும் அவர்கள் வேறு பொருளிலும் பேசினால் நடுவர் உங்களைத்தான் திருத்துவார்.

சோதித்துப் பார்க்க: நண்பரை எதிரணியாக உட்காரவைத்து, "சூனியத்திலிருந்தா, மாயையிலிருந்தா?" என்று முதலில் கேட்டுப் பழகுங்கள். பதிலுக்கு ஏற்ப உங்கள் வாதம் மாற வேண்டும்.

"கடவுள் இல்லை என்று அறிவியல் நிரூபித்துவிட்டது" என்று மட்டும் முடிக்காதீர்கள். பிரபஞ்சம் ஓர் 'ஆதி அணு'விலிருந்து தொடங்கியது என்ற கருத்தை 1931-இல் முன்வைத்த இயற்பியலாளர் லெமைத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். எதிரணி அதைக் கையில் வைத்திருக்கும்.