‘நியாயமான நேரம்’ என்றால் எத்தனை மணி?

கேள்வி: எனக்கும் என் மனைவிக்கும் விவாகரத்தாகி ஒன்றேகால் வருடம் ஆகிறது. ஏழு வயது மகள் அம்மாவிடம் வளர்கிறாள். "தந்தை நியாயமான நேரங்களில் குழந்தையைச் சந்திக்கலாம்" என்று உத்தரவில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. முதல் சில மாதங்கள் பிரச்சினை இல்லை. அப்புறம் காய்ச்சல், பரீட்சை, வெளியூர்ப் பயணம் என்று வாரத்துக்கு ஒரு காரணம். கடந்த நான்கு மாதங்களில் ஐந்து முறைதான் பார்த்திருக்கிறேன். கோபத்தில் இரண்டு மாதமாக ஜீவனாம்சம் அனுப்பவில்லை. போன சனிக்கிழமை காலை கூப்பிடப் போனால், நீச்சல் வகுப்பு இருக்கிறது, வரமாட்டேன் என்று மகளே அழுதாள். அம்மா சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். நீதிமன்ற அவமதிப்பு வழக்குப் போடலாமா? வாரத்தில் பாதி நாள் என்னோடு இருக்க வேண்டும் என்று கேட்க முடியுமா?

பதில்: முதலில் அந்த இரண்டு மாதப் பணத்தை அனுப்பிவிடுங்கள். இந்தப் பதிலைப் படித்து முடிப்பதற்கு முன்பே அனுப்பினாலும் நல்லதுதான். நீங்கள் நிறுத்தி வைத்திருப்பது உங்கள் மகளின் சாப்பாட்டுக்கும் பள்ளிக்கும் உரிய பணம். குழந்தையைக் காட்டவில்லை என்பதற்காகப் பணத்தை நிறுத்த முடியாது. பணம் வரவில்லை என்பதற்காகக் குழந்தையைக் காட்டாமல் இருக்கவும் முடியாது. சட்டத்தில் இவை இரண்டும் தனித்தனிக் கடமைகள். நாளைக்கு நீங்கள் மனுவோடு போய் நின்றால், நீதிபதியின் முதல் கேள்வியே "பாக்கி இருக்கிறதா?" என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்விக்கு "இல்லை" என்று சொல்ல முடிந்தால்தான் அடுத்து நீங்கள் பேசுவது காதில் விழும்.

அவமதிப்பு வழக்கு வேண்டாம். உங்களுக்கு நடந்தது அநியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. நான்கு மாதத்தில் ஐந்து முறை என்பது, ஏழு வயதுப் பிள்ளைக்கும் அப்பாவுக்கும் மிகக் குறைவு. ஆனால் ஒரு உத்தரவை மீறினார் என்று நிரூபிக்க, அந்த உத்தரவு எதைச் செய்யச் சொன்னது என்பது தெளிவாக இருக்க வேண்டும். ‘நியாயமான நேரங்களில்’ என்ற வரியில் கிழமை இல்லை, மணி இல்லை, இடம் இல்லை. "காய்ச்சலில் இருக்கும் குழந்தையை அனுப்பாதது நியாயம்தானே?" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே வரியில் முடித்துவிடுவார்.

நீங்கள் போட வேண்டியது உத்தரவைத் திருத்தக் கோரும் மனு. குழந்தையின் பொறுப்பு பற்றிய உத்தரவு எதுவும் கல்லில் வெட்டியது இல்லை. அப்போதைய சூழ்நிலைக்காகப் போடப்படுவது அது, சூழ்நிலை மாறினால் மாற்றலாம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1973-லேயே சொல்லிவிட்டது. நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. மனுவின் பெயரும் நடைமுறையும் இடத்துக்கு இடம் மாறும் என்பதால், அதை உங்கள் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மனுவுக்குள் என்ன எழுத வேண்டும் என்பதில்தான் நான் சொல்ல நிறைய இருக்கிறது.

அதற்கு முன் ஒரு விஷயம். ‘என் உரிமை’ என்று மனுவை ஆரம்பிக்காதீர்கள். 1989-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 9-வது பிரிவு, பிரிந்து வாழும் பெற்றோர் இருவரோடும் தொடர்ந்து உறவும் நேரடித் தொடர்பும் வைத்திருக்கும் உரிமை குழந்தைக்கு உண்டு என்கிறது, குழந்தையின் நலனுக்கு அது கேடாக இருந்தால் தவிர. உரிமை யாருடையது என்று கவனியுங்கள். சட்டங்களின் மொழியே அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது. கனடாவில் 2021 மார்ச் முதல் விவாகரத்துச் சட்டத்தின் புதிய உத்தரவுகளில் ‘கஸ்டடி’ என்ற சொல் கிடையாது. பெற்றோருக்கான நேரம், முடிவெடுக்கும் பொறுப்பு என்று பிரித்துவிட்டார்கள். இங்கிலாந்தில் 2014-க்குப் பிறகு ‘குழந்தை ஏற்பாட்டு உத்தரவு’ என்றுதான் பெயர். இந்தியாவில் குழந்தைகளின் காப்பாளர் பற்றிய 1890-ம் ஆண்டுச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது, ஆனாலும் நீதிமன்றங்கள் எடைபோடுவது குழந்தையின் நலனைத்தான். "என் மகளுக்கு அப்பாவோடு இருக்கும் நாட்கள் நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும்" என்று மனுவை ஆரம்பித்துப் பாருங்கள். அதற்குக் கீழே வரும் கோரிக்கைகளும் தானாகவே வேறு மாதிரி அமையும்.

பாதி நாள் கேட்கலாமா? கேட்கலாம், தடையில்லை. ஆனால் பெரும்பாலான இடங்களில் சரிபாதி தானாகக் கிடைத்துவிடாது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம் 2018-ல் சம நேரத்தையே தொடக்கப் புள்ளியாகச் சட்டத்தில் வைத்தது. ஆஸ்திரேலியாவோ, பெற்றோர் இருவருக்கும் சமப் பொறுப்பு என்ற அனுமானத்தை 2024 மே மாதம் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. அந்த அனுமானம் முடிவெடுக்கும் பொறுப்பைப் பற்றியதுதான். அதைப் பாதி நேரம் என்று பலர் தவறாகப் புரிந்துகொண்டது, எடுத்ததற்கு ஒரு முக்கியக் காரணம். உங்கள் நிலையில், நான்கு மாத இடைவெளிக்குப் பிறகு நேராகப் பாதி கேட்டால், கணக்குத் தீர்க்க வந்தவர் போலத் தெரிவீர்கள்.

கணக்கை 14 இரவுகளில் போட்டுப் பாருங்கள். வாரம் விட்டு வாரம் வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு மாலை வரை என்றால் இரண்டு இரவு. அதையே திங்கள் காலை பள்ளி வரை நீட்டினால் மூன்று. அதோடு ஒவ்வொரு புதன்கிழமை இரவையும் சேர்த்தால் ஐந்து. இந்த ஐந்தைக் கேட்டு, ஒரு வருடம் ஒழுங்காக நடத்திக் காட்டிவிட்டு ஏழு இரவுகளைப் பற்றிப் பேசுவது நல்லது. சரிபாதியிலும் பல வகை உண்டு. ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே என்றால் 14 நாளில் இரண்டே முறைதான் வீடு மாற்றம். ஆனால் ஏழு நாள் ஒருவரைப் பார்க்காமல் இருக்க வேண்டும். இரண்டு நாள், இரண்டு நாள், மூன்று நாள் என்று மாறி மாறிப் போனால் மூன்று நாளுக்கு மேல் பிரிவு கிடையாது. ஆனால் ஆறு முறை பை கட்ட வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குப் பிரிவு நீளக்கூடாது, வளர்ந்த பிள்ளைகளுக்கு அலைச்சல் ஆகாது. உங்கள் மகள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறாள். எந்த வகையாக இருந்தாலும் வீடுகள் இரண்டும் பள்ளிக்குப் பக்கத்தில் இருந்தால்தான் பாதி என்பது நடைமுறையில் நிற்கும்.

இப்போது வாசகங்களுக்கு வருகிறேன். என்னிடம் வந்த ஒரு வழக்கில் உத்தரவு "சனிக்கிழமை மாலை" என்று இருந்தது. அப்பாவுக்கு மாலை என்றால் வேலை முடிந்து ஏழு மணி. அம்மாவுக்கு மாலை என்றால் நான்கு. அந்தப் பையன் நான்கு மணிக்கே ஷூ போட்டு, பையை மாட்டிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தான். ஏழு மணி வரை ஷூவைக் கழற்றவில்லை. கழற்றினால் அப்பா வரமாட்டார் என்று நினைத்தானாம். பெற்றோர் இருவரும் பொய் சொல்லவில்லை, இருவரும் உத்தரவைத்தான் பின்பற்றினார்கள். அன்றிலிருந்து நான் எழுதும் எந்த வரைவிலும் காலை, மாலை என்ற சொற்களைத் தனியாக விடுவதில்லை, பக்கத்தில் மணியும் இருக்கும்.

உங்கள் மனுவில் இப்படி எழுதச் சொல்லுங்கள்: "இன்ன தேதியில் வரும் வெள்ளிக்கிழமை தொடங்கி, வாரம் விட்டு வாரம், வெள்ளிக்கிழமை பள்ளி முடியும் நேரத்தில் தந்தை பள்ளியிலிருந்து குழந்தையை அழைத்துச் சென்று, திங்கட்கிழமை காலை பள்ளி தொடங்கும் நேரத்தில் பள்ளியில் விடுவார். பள்ளி இல்லாத நாளில், மாலை 5 மணிக்குத் தாயின் வீட்டு வாசலில் அழைத்துக்கொண்டு, காலை 9 மணிக்கு அங்கேயே விடுவார்." தொடங்கும் தேதி ஏன் தெரியுமா? ‘முதல், மூன்றாம் வெள்ளி’ என்று எழுதினால் ஐந்து வெள்ளி வரும் மாதத்தில் சண்டை வரும். தேதியிலிருந்து எண்ணினால் இரண்டு பேரும் ஒரே நாட்காட்டியைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். பள்ளியை ஏன் சொல்கிறேன் என்றால், ஒருவர் விட்டுவிட்டுப் போன இடத்தில் இன்னொருவர் வந்து அழைத்துக்கொள்வார். வாசலில் நீங்கள் இருவரும் முகம் பார்க்க வேண்டியதில்லை. உங்கள் முகங்கள் இரண்டும் மாறுவதைப் பிள்ளை நடுவில் நின்று பார்க்க வேண்டியதும் இல்லை.

காய்ச்சலுக்குத் தனி வரி தேவை. இந்தத் தகராறுகளில் பாதி காய்ச்சலில்தான் ஆரம்பிக்கின்றன. அப்பாவுக்கும் வெப்பமானி பார்க்கத் தெரியும், மருந்து கொடுக்கத் தெரியும். எனவே, உடல்நலக் குறைவால் சந்திப்பு தானாக ரத்தாகாது. குழந்தையை வெளியே கொண்டுபோகக்கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் தள்ளிப்போகும். தள்ளிப்போன நேரம் 14 நாட்களுக்குள் ஈடுசெய்யப்படும் என்று இருக்கட்டும். பரீட்சை சமயத்திலும் சந்திப்பு உண்டு, புத்தகம் பையோடு வரும், படிக்க வைப்பது உங்கள் பொறுப்பு. நீங்கள் தாமதமானால்? அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், அதற்குமேல் தகவல் இல்லையென்றால் அன்றைய நேரம் போய்விடும் என்று உங்களுக்கு எதிரான வரியையும் நீங்களே போடுங்கள். எழுதியதை இரண்டு பக்கமும் கடைப்பிடிக்கத் தயாராக இருக்கிறீர்கள் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

விடுமுறைகளுக்கு வாரக் கணக்கு பொருந்தாது. பள்ளி நீண்ட விடுமுறையை இரண்டாகப் பிரித்து, ஒற்றைப்படை ஆண்டில் முதல் பாதி ஒருவருக்கு, இரட்டைப்படை ஆண்டில் மற்றவருக்கு என்று போடுங்கள். விடுமுறை அட்டவணையும் வார அட்டவணையும் மோதினால் விடுமுறை அட்டவணையே செல்லும் என்றும் ஒரு வரி வேண்டும். இது இல்லாமல் வந்து தவித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டுப் பயணத்துக்கு மற்றவரின் எழுத்துமூலச் சம்மதம், பயண விவரம், பாஸ்போர்ட் யாரிடம் என்பது மூன்றும் அவசியம். குழந்தைகளைச் சட்டவிரோதமாக வேறு நாட்டுக்குக் கொண்டுபோவது பற்றிய 1980 ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அங்கே அழைத்துச் செல்லப்பட்ட குழந்தையைத் திரும்பக் கொண்டுவர அந்த வழி கிடையாது.

சந்திப்பு இல்லாத நாட்களுக்குப் போன். 2020 ஜனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம், விசேஷச் சூழ்நிலை இல்லாவிட்டால், குழந்தையைத் தன் பொறுப்பில் பெறாத பெற்றோருக்குத் தினமும் 5 முதல் 10 நிமிடம் குழந்தையோடு பேசும் உரிமை இருக்க வேண்டும் என்றது. நேரத்தை, உதாரணமாக இரவு 7.30 என்று, குறித்துவிடுங்கள். அந்த நேரத்தில் "அம்மா எங்கே, யார் வந்தார்கள்" என்று மகளிடம் விசாரிக்க வேண்டாம்.

நான் இதுவரை சொன்னது இரண்டு வீடும் பிள்ளைக்குப் பாதுகாப்பாக இருக்கும்போது பொருந்துவது. அடி, மிரட்டல், குடி என்று எந்த வீட்டிலாவது இருந்தால், அட்டவணையை விட்டுவிட்டு, இன்னொருவர் முன்னிலையில் நடக்கும் சந்திப்பைப் பற்றி முதலில் பேச வேண்டும்.

கடைசியாக அந்த அழுகை. அம்மா சொல்லிக்கொடுத்தார் என்று மனுவில் எழுதாதீர்கள். ஆதாரம் இல்லாத அந்த ஒரு வாக்கியம் அம்மாவைத் தற்காப்புக்குத் தள்ளும், பிள்ளையைச் சாட்சியாக்கும். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு சொல்லை நான் திரும்பத் திரும்பப் படித்தேன்: நீச்சல் வகுப்பு. அவளுடைய சனிக்கிழமை காலை ஏற்கனவே நிரம்பியிருந்தது. அதிலிருந்து அவளை வெளியே இழுக்க நீங்கள் போய் நின்றீர்கள். ஏழு வயதில் அதற்கு அழுவதற்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

நான்கு மாதத்தில் ஐந்து முறை பார்த்த குழந்தையை முதல் வாரமே மூன்று இரவு வைத்துக்கொள்ளவும் கேட்காதீர்கள். முதல் மாதம் சனிக்கிழமை பகல் மட்டும், அடுத்த மாதம் ஒரு இரவு, மூன்றாவது மாதத்திலிருந்து முழு அட்டவணை என்று படிப்படியாக எழுதினால் நீதிமன்றமும் ஏற்கும், அம்மாவும் ஏற்க வாய்ப்பு அதிகம். மனுத் தாக்கல் செய்வதற்கு முன்பு இந்த வரைவை அவருக்கு அனுப்புங்கள், பணம் கட்டிய ரசீதோடு. பழைய கதை எதுவும் எழுத வேண்டாம், "இதில் எது மாற வேண்டும் என்று சொல்லுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். ஒத்துக்கொண்டால் இருவரும் கையெழுத்திட்டுக் கூட்டு மனுவாகப் போடலாம். பதில் வராவிட்டால், கேட்டதற்கான ஆதாரமாக அந்தச் செய்தியே மனுவோடு இணைப்பாகப் போகும்.

அந்த வரைவின் முதல் வரியாக இதைப் போடுங்கள்: "சனிக்கிழமைகளில் குழந்தையை நீச்சல் வகுப்புக்குத் தந்தை அழைத்துச் செல்வார்." ஒரு துண்டும் நீச்சல் கண்ணாடியும் வாங்கி உங்கள் வீட்டிலும் வையுங்கள்.