பெற்ற அப்பன்தானே என்று விட்டுவிடலாமா?

கேள்வி: இத்தாலியில் மாஃபியா குடும்பத்துப் பிள்ளைகளை நீதிமன்றமே பெற்றோரிடமிருந்து பிரித்து வெளியூருக்கு அனுப்புகிறதாம். அப்பன் செய்த குற்றத்துக்குப் பிள்ளைக்குத் தண்டனையா? எப்படிப்பட்டவனானாலும் பெற்ற அப்பன் அல்லவா?
(வாசகர் ஒருவர், திண்டுக்கல்)

பதில்: தண்டனையை ஆரம்பித்து வைத்தது நீதிமன்றம் இல்லை, ஐயா. தெற்கு இத்தாலியின் கலாப்ரியாவில் உள்ள 'இந்த்ராங்கெட்டா' என்ற மாஃபியாவுக்கு வெளியாட்கள் அதிகம் தேவைப்படுவதில்லை. அங்கே குடும்பம்தான் கும்பல். உறுப்பினனுக்கு மகன் பிறந்தால் தொட்டிலிலேயே 'மானமுள்ள இளைஞன்' என்று பட்டம் கட்டிவிடுவார்கள். பெண் என்றால் எந்தக் கும்பலோடு சம்பந்தம் பேசலாம் என்று கணக்கு ஓடும். போலீசிடம் வாய் திறப்பதென்றால் சொந்த அப்பனையும் அண்ணனையும்தான் காட்டிக்கொடுக்க வேண்டும். யார் திறப்பார்கள்?

ரெஜ்ஜோ கலாப்ரியா சிறார் நீதிமன்றத்தில் 1990களில் பணியாற்றிய ரோபெர்த்தோ தி பெல்லா, 2011-இல் அங்கேயே தலைமை நீதிபதியாகத் திரும்பி வந்தார். கூண்டில் அதே குடும்பப் பெயர்கள்! முன்பு அவர் விசாரித்தவர்களின் பிள்ளைகள், தம்பிகள். அடுத்த ஆண்டிலிருந்து பிரிக்கும் உத்தரவுகள் வந்தன. எல்லா வீட்டுக்கும் அல்ல. பிள்ளையைத் தொழிலுக்குப் பழக்குகிறார்கள் என்று தெரிந்தால் மட்டும். பிறகு தாய்மார்கள் சிலர் தாங்களாகவே வந்து, தங்கள் பிள்ளைகளையும் அனுப்பிவிடும்படி கேட்டார்கள். புருஷன் சிறையில், அண்ணன் கல்லறையில் என்று பார்த்தவர்களுக்கு மகன் எங்கே போவான் என்று தெரியாதா?

'பெற்ற அப்பன்' என்கிறீர்கள். லேயா கரோஃபலோவின் மகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். கும்பலைப் பற்றிச் சாட்சி சொன்ன லேயா, 2009 நவம்பரில் மிலான் நகரில் காணாமல் போனார். மகளுக்கு அப்போது 18 நிறையவில்லை. அப்பன் மேல் சந்தேகம் இருந்தும், அவருடைய உறவுகளோடுதான் அந்தப் பெண் நாளை ஓட்ட வேண்டியிருந்தது. அவளைக் கண்காணிக்க அப்பன் ஏவிய பையனையே காதலித்தாள். லேயா கொல்லப்பட்டதும், அதில் அவனுக்கும் பங்கு உண்டு என்பது பிறகுதான் வெளியே வந்தது. கோர்ட்டில் அப்பனுக்கு எதிராகச் சாட்சி சொன்னாள். 2012-இல் அவருக்கு ஆயுள் தண்டனை. மகளுக்கோ மறைந்து வாழும் வாழ்க்கை.

குறை சொல்லியே ஆக வேண்டுமென்றால் வேறு இடத்தில் சொல்லுங்கள். சிறார் நீதிமன்றத்தின் பிடி 18 வயதோடு தளர்ந்துவிடும். அப்புறம் அந்தப் பையனுக்கு வேலைக்கும் வாடகைக்கும் யார் வழி செய்வது? மாஃபியாவை எதிர்க்கும் லிபெரா போன்ற அமைப்புகள் கைகொடுக்கின்றன, சரி. எத்தனை பேருக்கு முடியும்? கையில் ஒன்றும் இல்லாமல் அவன் ஊருக்கு ரயில் ஏறினால், வேலை கொடுக்கச் சித்தப்பா தயாராக இருப்பார்.