உரலில் விழும் முன்பே சொல்லிவிடுங்கள்

தாய்லாந்து தெருக்கடைச் சாப்பாடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நாங்கள் சைவம். பாங்காக் தெருக்கடைகளில் நம்பிச் சாப்பிட ஏதாவது உண்டா? கறி வேண்டாம் என்று சொன்னால் போதாதா?

பதில்: போதாது. கறியை எடுத்துவிடுவார்கள். ஆனால் ‘நாம் பிளா’ எனும் மீன் சாறும், சிப்பிச் சாறும், கபி எனும் இறால் விழுதும் அப்படியே இருக்கும். பல கடைக்காரர்களுக்கு இவை உப்பு மாதிரி. அசைவக் கணக்கில் வராது. அதனால் ‘கின் ஜே’ என்று சொல்லுங்கள். ஜே என்பது சீன பௌத்த வழியில் வந்த கட்டுப்பாடு: கறி, மீன், முட்டை, பால் கிடையாது, பூண்டும் வெங்காயமும்கூடக் கிடையாது. ஜே கடையை அடையாளம் காண்பது எளிது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து இருக்கும். தாய் எழுத்து தெரியாதவர் கண்ணுக்கு அது 17 என்ற எண் போலத் தெரியும். சைவம் என்பதற்கான பொதுவான தாய்ச் சொல் ‘மங்சவிரட்’; அதைச் சொன்னால் முட்டை வரலாம்.

பத் தாய் எனும் வறுத்த நூடுல்ஸில் ஏமாறுபவர்கள் நிறைய. புளி, பனைவெல்லம், மீன் சாறு மூன்றையும் முன்கூட்டியே கலந்து வைத்திருப்பது வழக்கம். கடைக்காரர் நல்ல மனதோடு தலையாட்டினாலும் அதிலிருந்து மீன் சாற்றைப் பிரிக்க முடியாது. சிவப்பு, பச்சைக் குழம்பு விழுதுகளில் கபி சேர்த்தே அரைத்திருப்பார்கள். நூடுல்ஸ் சூப் எலும்பு வேகவைத்த நீர். ஜே கடையாக இல்லாவிட்டால் இந்த மூன்றையும் விட்டுவிடுங்கள்.

தயங்காமல் வாங்கக்கூடியவை: கரியில் சுட்ட வாழைப்பழம், வேகவைத்த சோளம், தேங்காய்ப்பாலும் அரிசி மாவும் ஊற்றிக் குழிகளில் சுடும் கனொம் க்ரோக், பழவண்டிகள். ஏப்ரல், மே மாதங்களில் போனால் மாம்பழமும் தேங்காய்ப்பாலில் ஊறிய ஒட்டரிசியும் கட்டாயம் சாப்பிடுங்கள். அப்போதுதான் பழம் சரியாக இருக்கும். வாழைப்பழ ரொட்டியில் ‘மை சாய் காய்’ (முட்டை போடாதீர்கள்) என்று சொல்லலாம், ஆனால் மாவிலேயே முட்டை சேர்த்துப் பிசைபவர்கள் உண்டு.

சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத் தொடக்கத்தில், அதாவது செப்டம்பர் அல்லது அக்டோபரில், ஜே திருவிழா வரும். அந்த நாட்களில் பாங்காக்கின் சீனர் பகுதியான யாவராட்டிலும் புக்கெட்டிலும் தெரு முழுக்க மஞ்சள் கொடிதான். சைவக்காரர்கள் பயணத்தை அப்போது வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: பப்பாளிக்காய் சாலட் சாப்பிட ஆசை. ‘மை பெட்’, காரம் வேண்டாம் என்று சொல்லியும் நாக்கு எரிந்ததாக நண்பர் சொல்கிறார். ஏன்?

பதில்: உரல்தான் காரணம். சோம் தம் எனும் இந்தச் சாலட்டை இடிப்பது மண் உரலில், மர உலக்கையால். முதலில் பூண்டும் மிளகாயும் நசுங்கும். அடுத்து பனைவெல்லம், காராமணி, தக்காளி, எலுமிச்சைச் சாறு, மீன் சாறு. கடைசியாகத் துருவிய பப்பாளிக்காய் விழும். ஒரு கை இலேசாக இடிக்கும், மறு கை கரண்டியால் புரட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தட்டுக்கும் உரலைக் கழுவுவதில்லை. முந்தின ஆளின் மிளகாய்ச் சாறு அதிலேயே இருக்கும். அதனால் மிளகாயே போடாவிட்டாலும் கொஞ்சம் காரம் ஏறும்.

எண்ணிக்கை சொல்லிக் கேட்பதுதான் சரியான வழி. ‘ப்ரிக் மெட் தியாவ்’ என்றால் ஒரே மிளகாய், ‘ப்ரிக் சோங் மெட்’ என்றால் இரண்டு. கடைக்காரர் பூண்டை எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். உலக்கை இறங்கிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் பொதுவான உரலில் இடித்ததைச் சாப்பிடவே வேண்டாம்.

பட்டியலில் ‘சோம் தம் தாய்’ என்பதைக் கேளுங்கள். கடலையும் உலர்ந்த இறாலும் சேர்ந்த இனிப்புப் புளிப்பு வகை அது. ‘பூ பிளா ரா’ என்று வந்தால் உப்பிலிட்ட, வேகவைக்காத நண்டும், பிளா ரா எனும் ஊறவைத்த ஆற்று மீன் சாறும் இருக்கும். அதன் மணம் அபாரம். ஆனால் காய்ச்சாத ஆற்று மீனில் ஈரல் புழு இருக்கலாம்; வடகிழக்குத் தாய்லாந்தில் அது பெரிய நோய்ப் பிரச்சினை. காய்ச்சிய பிளா ராதான் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் தொடுங்கள்.

கேள்வி: மேசையில் நாலு கிண்ணங்கள் வைத்திருக்கிறார்களே, எதை எவ்வளவு போடுவது?

பதில்: சர்க்கரை, வறுத்து இடித்த மிளகாய்த்தூள், மிளகாய் போட்ட வினிகர், மீன் சாறு. நூடுல்ஸைக் கொஞ்சம் மட்டாகவே தருவார்கள். சுவையை முடிப்பது நீங்கள்தான். முதலில் சாற்றை வெறுமனே குடித்துப் பாருங்கள். பிறகு வினிகர் அரைக் கரண்டி, மீன் சாறு சில துளி, சர்க்கரை ஒரு சிட்டிகை, மிளகாய்த்தூள் கடைசியில். சர்க்கரையை ஒதுக்காதீர்கள், புளிப்பும் உப்பும் அதனால்தான் கூடி நிற்கும்.

மாட்டிறைச்சியைத் தவிர்ப்பவர்களுக்கு ஒன்று: படகு நூடுல்ஸ் சாற்றில் பன்றி அல்லது மாட்டு ரத்தம் கலப்பது வழக்கம். லுக் சின் எனும் உருண்டைகளும் எந்த இறைச்சி என்று கேட்காமல் வாங்க வேண்டாம்.

கேள்வி: எந்தக் கடை வயிற்றைக் கெடுக்காது?

பதில்: நெருப்பில் இருந்து நேராகத் தட்டுக்கு வருவது பெரும்பாலும் தொல்லை தராது. பயப்பட வேண்டியது ஆறிக் கிடப்பதற்கு. தட்டுத் தட்டாகக் குழம்பு அடுக்கியிருக்கும் காவ் கேங் கடைகள் விடியற்காலையில் சமைப்பவை. பதினொரு மணிக்குள் போனால் அருமை, பிற்பகல் மூன்று மணிக்கு அதே தட்டில் தேங்காய்ப்பால் புளிக்கத் தொடங்கியிருக்கும். ஒரே ஒரு பதார்த்தம் மட்டும் செய்யும், வரிசை நிற்கும் கடையைத் தேடுங்கள். அங்கே எதுவும் தேங்காது. பாங்காக்கில் திங்கட்கிழமை பல நடைபாதைக் கடைகள் இருக்காது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐஸ் போட்ட பானம் குடிக்கலாமா?

பதில்: நடுவில் துளையுள்ள குழாய் வடிவ ஐஸ் ஆலையில் செய்தது, குடிக்கலாம். குழாய்த் தண்ணீரை மட்டும் குடிக்காதீர்கள்.

கேள்வி: கையில் பணம் வேண்டுமா, போனே போதுமா?

பதில்: ரொக்கம்தான், அதுவும் 20, 50, 100 பாட் தாள்களாக. கடைகளில் தொங்கும் க்யூஆர் பெரும்பாலும் தாய்லாந்து வங்கிக் கணக்குகளுக்கானது. காலையில் 1000 பாட் நீட்டினால் சில்லறை இருக்காது.

கேள்வி: எல்லாம் பார்த்தும் வயிறு போய்விட்டால்?

பதில்: மருந்துக்கடையில் உப்புச்சர்க்கரைப் பொடி கிடைக்கும். கிடைக்காத இடத்தில் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 மட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து, சிறுகச் சிறுகக் குடியுங்கள். அளவு மாறக் கூடாது. உப்பு கூடினால் ஆபத்து. மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், குடித்த தண்ணீரும் தங்காத வாந்தி, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.