நுணுக்குக்காட்டி: கேட்டவையும் பதிலும்

உயர்தர உயிரியல் செய்முறைக்கு ஆயத்தமாகும் மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகள் கேட்டவை.

களுவாஞ்சிக்குடி: வழுக்கியை இடப்பக்கம் தள்ளினா உரு வலப்பக்கம் போகுதே சேர்?

வழுக்கி எனும் மாதிரிக் கண்ணாடிக்கு நேர்மேலே இருக்கும் பொருள்வில்லை குழாய்க்குள் விழுத்தும் மெய்விம்பம் தலைகீழானது, இடவலமும் மாறியது. நாம் கண் வைக்கும் பார்வைத்துண்டு அதைப் பெருப்பிக்குமே தவிர நிமிர்த்தாது. அச்சடித்த ‘அ’ ஒன்றை வைத்துப் பாருங்கள் மகள்.

அக்கரைப்பற்று: 40 பொருள்வில்லை, 25 பார்வைத்துண்டு, மொத்தம் 1000 மடங்கு. ஆனா ஒண்டும் கூடுதலாத் தெரியுதில்ல.

கூடுதலாய்த் தெரியாதுதான் தம்பி. பொருள்வில்லையில் 40/0.65 என்று பொறித்திருக்கும். அந்த 0.65, எவ்வளவு அகன்ற ஒளிக்கூம்பை வில்லை உள்வாங்கும் என்பதைக் காட்டும் எண். ஒளியின் அலைநீளத்தை 0.61 ஆல் பெருக்கி இந்த எண்ணால் வகுங்கள். பச்சை ஒளிக்கு (0.55 மைக்ரோமீற்றர்) 0.52 மைக்ரோமீற்றர் வரும். அதைவிட நெருங்கிய இரண்டு புள்ளிகள் ஒன்றாய்த்தான் தெரியும். இதுதான் பிரிவலு, உருப்பெருக்கம் வேறு. உருப்பெருக்கத்தின் பயனுள்ள எல்லை அந்த 0.65 ஐப்போல் 1000 மடங்கு, அதாவது 650. அதற்கு மேல் மங்கல்தான் பெருக்கும். கலத்துக்குள் புரதம் தொகுக்கும் இறைபோசோம் 0.02 மைக்ரோமீற்றர் அளவு; எந்தச் சாதாரண ஒளி நுணுக்குக்காட்டியிலும் தேடாதீர்கள்.

கல்முனை: 100 வில்லைக்குத் தேங்காயெண்ணெய் விடலாமா?

வேண்டாம். 100 வில்லைக்கும் மூடுகண்ணாடிக்கும் இடையே விட வேண்டியது அமிழ்வெண்ணெய். கண்ணாடியின் முறிவுச்சுட்டி (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைக் காட்டும் எண்) 1.52, அமிழ்வெண்ணெய் 1.515, ஒளி வளையாமல் வில்லைக்குள் போகும். தேங்காயெண்ணெய் 1.45 தான்.

கல்முனை, மறுபடி: நாங்க விட்டுப் பாத்தம், பக்டீரியா தெரிஞ்சிச்சே!

தெரியும், மறுக்கவில்லை. காற்றைவிட அது மேல். ஆனால் 1.515 க்காகத் திருத்திய வில்லை அது. கதிர்கள் ஒரு புள்ளியில் கூடாமல் உருவின் விளிம்பு மங்கிப்போகும். ஏசி அறையில் 24 பாகைக்குக் கீழே போனால் எண்ணெய் உறையவும் தொடங்கும்.

காத்தான்குடி: அப்ப திரவப் பரபின்?

ஏறத்தாழ 1.47. தேங்காயெண்ணெயைவிடப் பரவாயில்லை, அமிழ்வெண்ணெய்க்கு ஈடில்லை. எதை விட்டாலும் எண்ணெய் கிடக்கும்போது 40 வில்லையைத் திருப்பிக் கொண்டுவராதீர்கள். எண்ணெய் அதில் அப்பும். முடிந்ததும் வில்லைத்தாளால் ஒற்றுங்கள், சட்டை நுனியால் தேய்க்காதீர்கள்.

வாழைச்சேனை: வெங்காயத் தோலில கறுத்த விளிம்போட வட்டம். கருவா?

காற்றுக்குமிழி. மூடுகண்ணாடியின் ஒரு விளிம்பை நீர்த்துளியில் தொடவைத்து, 45 பாகை சரிவில் ஊசியால் மெதுவாக இறக்குங்கள். கரு வேண்டுமென்றால் ஐதான அயடீன் ஒரு துளி, மஞ்சட்கபிலமாய்ப் பிடிக்கும்.

சம்மாந்துறை: வெள்ளையா மட்டும் தெரியுது.

வெளிச்சம் கூடிப்போச்சு. மேடைக்குக் கீழே ஒளியைக் கட்டுப்படுத்தும் டயபிரத்தை ஒடுக்குங்கள், கலச்சுவர் எழும்பும். அளவுக்கு மிஞ்சி ஒடுக்கினால் பிரிவலு குறையும்.

ஏறாவூர்: வெங்காயத்தில பச்சையவுருமணி தெரியுதில்ல.

பச்சையவுருமணி ஒளித்தொகுப்புச் செய்யும் பச்சைநிறப் புன்னங்கம். வெங்காயக் குமிழின் உள்தோலில் அது இல்லை. ஐதரில்லா எனும் நீர்த்தாவரத்தின் இலை எடுங்கள்.

திருக்கோவில்: வெங்காயத்தில பச்சையவுருமணி...

மேலே ஏறாவூருக்குச் சொன்னதுதான்.

பொத்துவில்: 10 இல தெளிவு, 40 இல தெளியல்ல. பெரிய திருகைத் திருப்பட்டா?

தொடாதீர்கள்! 40 இல் வில்லைக்கும் மூடுகண்ணாடிக்கும் இடைவெளி ஒரு மில்லிமீற்றரும் இல்லை. வழுக்கி உடையும், வில்லை கீறும். சின்னத் திருகு மட்டும். அதிலும் வராவிட்டால் வழுக்கியை எடுத்துப் பாருங்கள். மூடுகண்ணாடி கீழ்ப்பக்கம் இருக்கும். 0.17 மில்லிமீற்றர்க் கண்ணாடிக்குச் செய்த வில்லையால் ஒரு மில்லிமீற்றர் வழுக்கியைத் தாண்டிக் குவிக்க முடியாது.