மதம் அறிவியலுக்கும் பள்ளிக்கல்விக்கும் தடையா?

மதநம்பிக்கை மட்டுமே தடை என்று சொல்லிவிட முடியாது. மரபியலுக்கு அடித்தளமிட்ட மெண்டல் ஒரு துறவி. பிரபஞ்சம் விரிவடைகிறது என்று 1927இல் எழுதிய லெமைத்ர் ஒரு பாதிரியார். பாடத்திட்டத்தில் மதம் சட்டத்தின் துணையோடு கைவைக்கும்போதுதான் சிக்கல். 1925இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலம், பைபிள் சொல்லும் படைப்புக்கு மாறாக, வேறு உயிரினங்களிலிருந்து மனிதன் தோன்றினான் என்னும் மனிதப் பரிணாமத்தை அரசுப் பள்ளிகளில் கற்பிக்கத் தடை போட்டது. மீறியதாக ஆசிரியர் ஜான் ஸ்கோப்ஸுக்கு 100 டாலர் அபராதம். மேல்முறையீட்டில் அது ரத்தானாலும் சட்டம் 1967 வரை நீடித்தது.

வழக்கைவிட அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பெரிய கொடுமையாகப் படுகிறது. வம்பு எதற்கு என்று பதிப்பாளர்களே பாடநூல்களில் பரிணாமத்தை அடக்கி வாசித்தார்கள். 1957இல் சோவியத்தின் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் பறந்தபின், போட்டியில் பின்தங்கிவிடக் கூடாதென்று அறிவியல் கல்விக்கு அமெரிக்க அரசு பணத்தைக் கொட்டியது. 1960களில்தான் பல உயிரியல் பாடநூல்களில் பரிணாமம் மறுபடி தலைகாட்டியது.