பத்திரிகை டிசைனுக்கு லேப்டாப் 14 அங்குலமா, 16 அங்குலமா?

வணக்கம். கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்ய 14 அங்குல லேப்டாப் எடுப்பதா 16 எடுப்பதா, தினமும் பஸ்ஸில் தூக்கிப் போக வேண்டுமே என்று கேட்டிருந்தீர்கள்.

வீட்டில் தனி மானிட்டர் இருந்தால் 14 போதும். இல்லையென்றால் 16 வாங்குங்கள். இல்லஸ்ட்ரேட்டர் டிசைன் மென்பொருளில் இரண்டு பக்கமும் பேனல்களை (கருவிப் பட்டைகளை) திறந்தால் 14-இல் இடமே இருக்காது. 15.6 வேண்டாம். அகலம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் 16:10 அகல-உயர விகிதத்தில் வரும் 16-இல் உயரம் முக்கால் அங்குலத்துக்கு மேல் கூடுதல்.

அளவைவிட நிறம் முக்கியம். திரை விவரத்தில் '45% என்டிஎஸ்சி' (குறைந்த நிறங்களையே காட்டும் திரை) என்று போட்டிருந்தால் தொடாதீர்கள். அரக்குச் சிவப்பு மங்கலாகத் தெரியும், நீங்கள் நிறத்தைக் கூட்டி வைப்பீர்கள், அச்சில் கண்ணைக் குத்தும். 100% எஸ்ஆர்ஜிபி (கணினித் திரைகளுக்கான வழக்கமான நிற வரம்பு) காட்டும் திரையாகப் பாருங்கள். அப்புறம், அச்சான பத்திரிகை ஒன்றையும் அதன் ஃபைலையும் கடைக்குக் கொண்டுபோய், பக்கத்தில் வைத்துப் பார்த்தே வாங்குங்கள்.